ஆவுடை போட்ட குலவை

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா ஆவுடை, தங்கச்சி பேச்சி. அம்மை அப்பன் இல்லாத பிள்ளைங்க. ஒரே பாய், ஒரே போர்வை, படுத்தா ஓயாத பேச்சு. "ம்" கொட்டுட்டி, அப்பத்தான் பெரியம்மை சொல்லுவேன்.

"ம்."

பேச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. தாலி கட்டும்போது குலவை போடணும்லா? அம்மை இல்ல, அப்போ அக்காதான் போடணும். ஆவுடைக்குக் குலவை சுமாராத்தான் வரும். லுலுலுன்னு ஆரம்பிச்சு பாதியிலேயே மூச்சு வாங்கிரும். கல்யாணத்துக்குள்ள நல்லாப் பழகிரணும்னு நெனச்சா. அதுல தப்பில்ல.

மொதல்ல, நாத்து நடும்போது குலவை போடுற கிழவிட்ட வழி கேட்டா. "கழுத்தளவு தண்ணியில நின்னு போடு"ன்னா கிழவி. குளத்துல நின்னா. லுலுலு! தவளையெல்லாம் பொதக் பொதக்குன்னு குதிச்சு ஓடுச்சு. குலவை கொஞ்சம் நீண்டுச்சு. அதோட விட்டுருக்கலாம், மூதி விடல.

அப்புறம் பூக்கட்டுற அம்மாட்ட கேட்டா. "உப்பு, புளி, காரம் சேத்துக்காத"ன்னா. பேச்சி ஆசையா வச்ச மீன்குழம்ப ஆவுடை தொடவே இல்ல. குலவை இன்னும் நீண்டுச்சு.

"ம்..."

மூணாவதா வளையல்காரி, "பேச்சக் குறைச்சுக்கோ"ன்னா. ஆவுடை ஒரேயடியா வாய மூடிட்டா. பத்து நாளு! அதுல ஒரு ராத்திரி பேச்சி, "அக்கா, அந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாதே, பயமா இருக்குக்கா"ன்னா. இவ தொண்டையத் தொட்டுக் காட்டிட்டுத் திரும்பிப் படுத்துட்டா.

கல்யாண நாளும் வந்துச்சு. பீ பீ, டும் டும். தாலி ஏறுச்சு. ஆவுடை வாயத் தொறந்தா. லுலுலுலுலுலு! ஊரே அசந்துபோச்சு.

பேச்சி வண்டியேறும்போது ஆவுடை ஓடிப்போய், "எப்படிட்டி இருந்துச்சு?"ன்னா.

"நல்லா இருந்துச்சுக்கா. பத்து நாளா நான்தான் தனியாப் பேசிட்டிருந்தேன்."

ஜல் ஜல்னு வண்டி போயிருச்சு. ஜெயிச்சோமா தோத்தோமான்னு தெரியாம ஆவுடை நடுத்தெருவுல முழிச்சிட்டு நின்னா.

"அப்போ பழகக் கூடாதா பெரியம்மை?"

யாருட்டி அப்படிச் சொன்னா? பழகாம எது வரும்? குளத்தோட நிறுத்தியிருக்கலாம். இல்ல, மீன்குழம்ப விட்டதுகூடப் பரவாயில்லையோ... எனக்கே கொழப்பமாத்தான் இருக்கு. ஆனா பயமா இருக்குன்னு அந்தப் பிள்ளை சொன்னப்போ பேசியிருக்கணும். அது மட்டும் தெரியும்.

கதைக்குக் கண்ணு சொக்கிருச்சு, நீயும் தூங்கு. பயமா இருந்தா எழுப்பு, நான் பேசுதேன்.