காட்டுப்பன்றிக்கு வரவேண்டிய ஓர் அடி

ஒரு காட்டில், முதலில் வம்புக்கு வந்தது கீரிதான். காட்டுப்பன்றி இதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறது.

காட்டின் ஓரத்தில் ஒரு கிழங்குத் தோட்டம். சுற்றிலும் மின்வேலி. தண்ணீர் பாய்ந்து வேலியோரமெல்லாம் சேறாகிக் கிடந்தது. கீரி ஒரு காய்ந்த மரக்கட்டையின்மேல் நின்று, வேலிக் கம்பியைப் பிடித்து ஆடியது.

"பன்றி அண்ணே, இது வெறும் கம்பி. நான் செத்தா போயிட்டேன்? மூக்கால ஒரு முட்டு முட்டுங்க, கிழங்கெல்லாம் உங்களுக்குத்தான்."

பன்றி சேற்றில் நின்றபடி முட்டியது. மறுநொடி தூரப் போய் உட்கார்ந்திருந்தது. கீரி விழுந்து விழுந்து சிரித்தது.

கம்பியில் ஒரு கரிச்சான் குருவி சும்மா உட்கார்ந்திருந்தது.

"உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு என்னை மட்டும் ஏன் அடிச்சுது?" என்று பன்றி கேட்டது.

"கம்பியில இருக்கிறது அழுத்தம். அது தள்ளிக்கிட்டே நிக்கும். தரைக்குப் போக வழி கிடைச்சாத்தான் மின்சாரம் ஓடும். நான் கம்பியில, கீரி காய்ஞ்ச கட்டையில. எங்க கால் தரையில இல்லை. ஈரக் காலோட வழி விட்டது நீங்கதான்" என்றது கரிச்சான்.

பன்றி யோசித்தது. கீரிக்கு வழி இல்லை. தன்னிடம் வழி இருக்கிறது.

மறுநாள் கீரி கம்பியில் ஆடும்போது, பன்றி பின்னால் வந்து தன் ஈர மூக்கை அதன் முதுகில் வைத்தது. கீரி அலறிக்கொண்டு புதரில் விழுந்தது. பன்றியும் அலறிக்கொண்டு சேற்றில் விழுந்தது.

"எனக்கு ஏன்?" என்றது பன்றி.

"கீரி வழியா வந்தது உங்க வழியாத்தானே தரைக்குப் போகணும்? கீரிக்குள்ள எவ்வளவு ஓடுச்சோ, உங்களுக்குள்ளயும் அவ்வளவுதான்" என்றது கரிச்சான்.

பன்றி கணக்குப் பார்த்தது. கீரி வாங்கியது ஒன்று. தான் வாங்கியது இரண்டு.

"அப்போ இன்னும் ஒண்ணு பாக்கி."

"அதைக் கொடுத்தா உங்களுக்கு மூணாயிடுமே, அண்ணே!" என்றது கரிச்சான்.

"ஆகட்டும். கீரிக்கு ரெண்டாகணும்."

கீரியும் வீம்புக்காரன். கம்பியை விடவில்லை. பன்றியும் விடவில்லை. மழை, வெயில் என்று பல காலம் போயிற்று. பன்றியின் மூக்கு கருகிவிட்டது. கீரியின் முதுகில் முடி இல்லை.

"போதும் அண்ணே, ராசியாயிடலாம்" என்று கீரி ஒருநாள் கெஞ்சியது.

"ஆயிடலாம்" என்றது பன்றி. "ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. கம்பியைப் பிடி."

நீதி: எதிரியைத் தொட்டுக்கொண்டே அடிப்பவன், கொடுக்கும் அடியைத் தானும் வாங்குவான், பாக்கி மட்டும் குறையாது.