ஒரு கரண்டிப் பால்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு. குரு சீடரை ‘அண்ணே’ என்று அழைப்பார். சீடர் குருவை ‘டீச்சர்’ என்பார்.

மேற்கு மலையின் அடிவாரத்தில், பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிப்போன ஊர் அது. அங்கே ஓர் அறக்கட்டளை, படுத்த படுக்கையான முதியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆட்களைப் பழக்கியது. பாடம் நடத்தியவர் ரெஜினா டீச்சர். அதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மில் மூடியபின் அங்கே படிக்க வந்தவர் கோமதிநாயகம். வகுப்பில் மற்ற எல்லாரும் இளம்பெண்கள். ஆண் என்று அவர் ஒருவர்தான்.

“அங்கிள், நீங்க பாஸாகி வெளிய வர்றப்போ உங்களையே நாங்க பாத்துக்கிட வேண்டியிருக்கும்” என்பாள் பேச்சி என்ற பெண்.

“ஒங்கையில மாட்டுறதுக்குப் பதிலா நான் நடந்தே சுடுகாட்டுக்குப் போயிருவேன்” என்பார் அவர்.

விழுங்குவதைப் பற்றிய பாடத்தை ரெஜினா டீச்சர் கரும்பலகையில் நடத்தவில்லை. ஒவ்வொருவரையும் கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். வாயில் ஒரு கரண்டித் தண்ணீரை விட்டார். கோமதிநாயகத்துக்குப் புரை ஏறிக் கண்ணெல்லாம் நீர் முட்டியது.

“யாரோ அங்கிளை நெனைக்காங்க” என்றாள் பேச்சி.

“மில்லு மொதலாளியாத்தான் இருக்கும். இன்னும் யாரு வாயில மண்ணப் போடலாம்னு நெனைச்சிருப்பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“உங்களுக்கு இருமல் வந்துச்சு, அதனால தப்பிச்சீங்க. பக்கவாதம் வந்தவங்களுக்கு அந்த இருமலும் வராது. சத்தமே இல்லாம நுரையீரலுக்குள்ள போயிரும். விழுங்க முடியாதவங்க வாயில யாரும் எதையும் விடக்கூடாது. யாரு கேட்டாலும் சரி.”

அன்றைக்கு அது கோமதிநாயகத்தின் மனதில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது.

முதலில் அவரை அனுப்பியது சங்கிலி என்பவரின் வீட்டுக்கு. சங்கிலி கிணறு வெட்டிப் பிழைத்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மூக்கில் குழாய் விட்டுத்தான் ஆகாரம். அவருக்குப் பெருமாள்சாமி ஒரே மகன். செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவன்.

கோமதிநாயகம் அந்த உடம்பைத் தன் உடம்பாகப் பார்த்தார். நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தார். முதுகில் ஒரு புண் வர விடவில்லை. காய்ந்துபோன உதடுகளை ஈரப் பஞ்சால் நனைத்தார். முகம் மழித்துவிட்டார். மகன் காலையில் வாசற்படியில் வந்து நிற்பான்.

“நான் ஏதாச்சும் செய்யணுமாண்ணே?”

“நீங்க வேலைக்குக் கெளம்புங்க தம்பி. நான் பாத்துக்கிடுதேன்.”

“எங்கப்பா என்னைவிட ஒங்களத்தான் தேடுதாரு” என்று சொல்லிவிட்டுப் போவான். அதைப் பாராட்டாகத்தான் கோமதிநாயகம் எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் சங்கிலிக்குச் சளி கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிக் குழாயையும் எடுத்துவிட்டார். மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தது. சொந்தக்காரர்கள் வந்து கூடினார்கள். உயிர் எதையோ எண்ணித் தவிக்கிறது, பால் ஊற்றினால் அடங்கிவிடும் என்றார் ஒரு பெரியவர். மருமகள் பாலைக் காய்ச்சி ஆற்றி டம்ளரில் கொண்டுவந்தாள். முதல் கரண்டி மகன் கையால்தான் ஊற்ற வேண்டும்.

பெருமாள்சாமி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். குனிந்து கரண்டியை அப்பாவின் வாயருகே கொண்டுபோனான்.

கோமதிநாயகம் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“என்ன செய்யுதீங்க? ஒங்கப்பாவ நீங்களே கொல்லப் போறீங்களா?”

கரண்டியில் இருந்த பால் தலையணையில் சிந்தியது. பெருமாள்சாமி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அதன்பிறகு வேறு யாரும் அந்த டம்ளரைத் தொடவில்லை. பெரியவர் மட்டும் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “படிச்சவங்க சொல்லுதாங்க. நமக்கு என்ன தெரியும்” என்றார்.

மத்தியானம் மூச்சு நின்றது. அப்போது பாலின் மேல் ஆடை படிந்திருந்தது.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிப்பு. சாம்பலைக் கூட்டி ஆள் வடிவாக வைத்திருந்தார்கள். மொட்டைத் தலையோடு பெருமாள்சாமி பால்செம்பை ஏந்தி நின்றான். ஊற்றச் சொன்னார்கள். அவன் ஊற்றவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற கோமதிநாயகத்தைத் தேடித் திரும்பிப் பார்த்தான்.

“அண்ணே, இப்ப ஊத்தலாமா? புரை ஏறாதுல்ல?”

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். அவன் கேட்டது, தினமும் காலையில் வாசற்படியில் நின்று கேட்ட அதே குரலில்.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோமதிநாயகத்துக்கு வேறு வழி தெரியவில்லை.

“ஊத்துங்க தம்பி” என்றார்.

தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த கணத்தில்தான் அவருக்கு உடம்பு கூசியது. மகன் தகப்பனுக்குப் பால் ஊற்ற உத்தரவு கொடுக்க நான் யார்? அன்றைக்கு வேண்டாமென்று சொல்லத்தான் நான் யார்? சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கிழவர் என் கண் முன்னால் மூச்சு முட்டிச் செத்திருப்பாரே, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவா எனக்குப் பாடம் சொல்லித் தந்தார்கள்? ஒரு கேள்வி இன்னொன்றைக் குட்டி போட்டது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் பயிற்சி மையத்துக்குப் போனார். ரெஜினா டீச்சர் குழாயடியில் ரப்பர் விரிப்பு ஒன்றைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்ததைச் சொன்னார். தான் கேட்ட கேள்வியைச் சொன்னார். சுடுகாட்டில் அவன் கேட்ட கேள்வியையும் சொன்னார்.

“நான் இனி எந்த வீட்டுக்கும் போகல டீச்சர். ஒரே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் செஞ்சது சரியா, தப்பா?”

டீச்சர் விரிப்பைக் கொடியில் போட்டு நாலு பக்கமும் இழுத்துவிட்டார்.

“அந்தத் தம்பி சாப்பிடுறாரா?”

“தெரியலையே.”

“வண்டிய எடுங்கண்ணே.”

கோமதிநாயகத்தின் மொபெட்டில் இருவரும் போனார்கள். வீட்டில் கட்டில் இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. பெருமாள்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மருமகள்தான் வாசலில் எதிர்ப்பட்டாள்.

“வாங்க. இன்னும் எதையாச்சும் தடுக்க வேண்டியது பாக்கி இருக்கா?”

கோமதிநாயகம் செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றார்.

“இல்லம்மா. ஒக்காந்துட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார் டீச்சர்.

அந்தப் பெண் உள்ளே இருந்த கணவனைக் கைகாட்டினாள். “பச்சத்தண்ணி பல்லுல படலக்கா. என்னன்னு கேட்டா, எங்கப்பாவுக்குப் போகாதது எனக்கு எதுக்குங்காரு. நான் யாருகிட்டச் சொல்லுவேன்?”

டீச்சர் உள்ளே போய்ப் பெருமாள்சாமிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவனே முதலில் பேசினான்.

“நீங்கதான் அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்த டீச்சரா?”

“ஆமா. அன்னைக்கு அவரு தடுத்தது நான் சொல்லிக் குடுத்தது. அந்தக் கேள்வி மட்டும் அவரு கேட்டது. அதுக்கு அவரு வருத்தப்படுறாரு.”

“அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும்.” அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அந்த ஒரு கரண்டிய நான் ஊத்தியிருந்தா, நெசமாவே புரை ஏறியிருக்குமா? இல்ல, பயங்காட்டினீங்களா? எனக்கு நெசம் மட்டும் சொல்லுங்க. ஒரு வாய் பால் கூட இல்லாம அனுப்பிட்டோமேன்னு கிடந்து வேகுதேன்.”

கோமதிநாயகம் கதவோரம் நின்று டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏறியிருக்கும்” என்றார் ரெஜினா டீச்சர்.

“நிச்சயமாவா?”

“நிச்சயமா. ஒரு கரண்டி அவருக்கு ரொம்ப அதிகம். மூச்சுக்குள்ள போயிருக்கும். இருமக்கூட அவருகிட்டத் தெம்பு இல்ல. ஒங்க கண்ணு முன்னாடி, ஒங்க கையாலயே திணறியிருப்பாரு.”

பெருமாள்சாமி தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். செங்கல் தூக்கித் தூக்கிக் காய்ப்பு ஏறிய கை. அதை முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதான். அப்பா செத்த நாளில்கூட அவன் அப்படி அழவில்லை என்று மருமகள் பிறகு சொன்னாள்.

அழுது ஓய்ந்ததும் மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்தான்.

“அப்ப அவரு செரமப்படாமத்தான் போனாரு.”

“ஆமா.”

“என்னால ஒண்ணும் கெடுதல் ஆகல.”

“ஒண்ணும் ஆகல.”

அவன் அடுப்படிப் பக்கம் திரும்பினான். “ஏளா, கஞ்சி இருக்கா?”

புறப்படும்போது பெருமாள்சாமி வாசல்வரை வந்தான். கோமதிநாயகத்தின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“நல்லவேள தடுத்தீங்கண்ணே. இல்லாட்டி அந்தப் பாவத்த எங்கன போய்த் தொலைப்பேன்?”

ஊர் எல்லை தாண்டும்வரை கோமதிநாயகத்துக்கு மனம் லேசாக இருந்தது. சரிதான் செய்திருக்கிறோம். டீச்சரே சொல்லிவிட்டார். அவனும் கஞ்சி குடிக்கிறான். வேறென்ன வேண்டும்? கண்மாய்க் கரை ஏறியபோது அந்த லேசு எங்கோ ஓட்டையாகி ஒழுகத் தொடங்கியது. கண்மாய் நிறைந்து கிடந்தது. காற்றில் தண்ணீர் கரையை நனைத்துவிட்டு நனைத்துவிட்டுத் திரும்பியது. அவர் அதையே பார்த்தபடி வண்டியை மெதுவாக்கினார். பிறகு நிறுத்தியேவிட்டார்.

“டீச்சர்.”

“சொல்லுங்கண்ணே.”

“கரண்டி வேண்டாம். பஞ்சை அந்தப் பால்ல தோய்ச்சு, புழிஞ்சு, அந்தத் தம்பி கையில குடுத்து, ஒதட்டுல மட்டும் ஒத்தச் சொல்லியிருந்தா?”

ரெஜினா டீச்சர் வண்டியிலிருந்து இறங்கினார். சேலைத் தலைப்பைக் காற்றுக்கு இழுத்துச் சொருகிக்கொண்டார்.

“ஒண்ணும் ஆயிருக்காது” என்றார்.

“புரை ஏறியிருக்காதா?”

“ஒதடு நனைஞ்சிருக்கும். அவ்வளவுதான்.”

“மகன் கையால பால் போயிருக்கும்.”

“போயிருக்கும்.”

கோமதிநாயகம் வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டார். வண்டி சாய்ந்தது. பிடித்து நிமிர்த்தி, ஸ்டாண்டைப் போட்டார்.

“நாள் பூரா நான் தண்ணியில செஞ்சுக்கிட்டு இருந்த வேலைதான டீச்சர் அது. எனக்கு ஏன் தோணல? வகுப்புல நீங்களும் சொல்லலையே.”

“சொல்லல. விழுங்க முடியாதவங்களப் பத்தி நடத்தினேன். கெளம்பப் போறவங்களப் பத்தி நடத்தல. நேத்துவர எனக்கும் தோணலண்ணே. நீங்க வந்து சொல்லச் சொல்லத்தான் தோணுச்சு.”

“அப்ப அந்த வீட்டுல ஒக்காந்திருந்தப்பவே ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நெசம் மட்டும் சொல்லுங்கன்னு கேட்டானே. நான் கேட்டவுடனே எங்கிட்டச் சொல்லிட்டீங்க. அவ்வளவு கெஞ்சிக் கேட்டவன்கிட்ட ஏன் இதச் சொல்லல?”

அவர் குரலில் கோபம் இருந்தது. தன்மேல் உள்ள கோபம், இடம் தெரியாமல் குருவின்மேல் போயிற்று. ரெஜினா டீச்சர் அதை வாங்கிக்கொண்டார்.

“அவருக்குப் பால் ஊத்த இன்னொரு அப்பா இல்லண்ணே” என்றார். “ஒங்களுக்குத் திங்கக்கெழம இன்னொரு வீடு இருக்கு.”