மேசையில் தட்டிய இரண்டு விரல்கள்

ஆவுடையப்பன் சீனாவின் ஷென்ஜென் நகரத்தை விட்டு இரண்டு முறை நிரந்தரமாகக் கிளம்பிப் போனார். முதல் முறை பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தார். இரண்டாம் முறை கோவில்பட்டியில் நாற்பது நாள் தாக்குப்பிடித்தார்.

இப்போது மூன்றாவது வாய்ப்பு வந்திருந்தது. அவர் வேலை பார்க்கும் மின்னணுக் கம்பெனியின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறீர்களா, போகிறீர்களா என்று சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பதில் கேட்டிருந்தார்கள். இந்தத் தடவை போனால் மறுபடி எடுக்க மாட்டோம் என்பதையும் பணிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அவருடைய மனைவி சண்முகவடிவு கோவில்பட்டியில் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறார். போன் போட்டு அவரிடம் கேட்டார்.

"இருக்கதுன்னா இருங்க, வாறதுன்னா வாங்க. எந்த ஊர்ல இருந்தாலும் அந்த ஊரைத் திட்டிக்கிட்டே இருக்காதீய. கேட்டுக் கேட்டுக் காது வலிக்கு" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அதனால்தான் சனிக்கிழமை காலை மூச்சுப்பயிற்சி முடிந்த பிறகும் ஆவுடையப்பன் பாயைச் சுருட்டாமல் குருவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இசக்கியம்மாளுக்கு முப்பத்தாறு வயது, சொந்த ஊர் அம்பாசமுத்திரம். ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் சீனர்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தொரு வயது ஆவுடையப்பன்தான் ஒரே தமிழ்ச் சீடர். சவாசனத்தில் குறட்டை விடும் ஒரே சீடரும் அவர்தான்.

"டீச்சர், இந்த ஊரு என்னைய விடமாட்டேங்கு" என்றார் ஆவுடையப்பன்.

"என்ன செய்யுது?"

"அங்க போனா இருப்புக் கொள்ளல. பம்பு மோட்டாருக்கு ஒரு சின்னச் சாமான் வாங்க பன்னண்டு நாள் காத்துக் கெடந்தேன். இங்க இன்னைக்கு ஒரு சர்க்யூட்ட வரைஞ்சு குடுத்தா நாளைக்குக் கையில இருக்கு. நேத்து மனசுல இருந்தது இன்னைக்கு மேசையில வெளக்கா எரியுது. அந்த ருசி விடமாட்டேங்கு."

"அப்ப இருங்க, அண்ணாச்சி."

"இருந்தா மூச்சு முட்டுது டீச்சர். எல்லாம் ஓட்டம். ஒருத்தனாவது நின்னு ஒரு வார்த்தை பேசுதானா? மனுஷனை மனுஷனா மதிக்காத ஊரு. இது மேல எனக்கு எதுக்கு இம்புட்டுப் பற்று? இதை அறுத்து விடுங்க."

குரு தன் பாயைச் சுருட்டி வைத்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பசிக்கு, அண்ணாச்சி. வாங்க."

கட்டடத்தின் கீழேயே ஒரு டீக்கடை இருந்தது. கடை என்று சொன்னால் நம்மூர்க் கடை மாதிரி நினைத்துவிடக் கூடாது. நூறு வட்ட மேசைகள். ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளில் பலகாரம். சனிக்கிழமை என்பதால் வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஏழு நிமிஷத்தில் இடம் கிடைத்தது, முன்பின் தெரியாத நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில்.

ஆவுடையப்பன் தினமும் காலையில் வரும் கடைதான் இது. பரிமாறும் பெண் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து டீக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் ஊற்றத் தொடங்குவதற்குள் அவர் இரண்டு விரலை மடக்கி மேசையில் டக் டக் டக் டக் என்று தட்டினார்.

"பார்த்தீயளா டீச்சர்?" என்றார். "எதிர்ல இருக்கவனும் தட்டுதான், பக்கத்துல இருக்க அந்தப் பிள்ளையும் தட்டுது. ஒரு கிண்ணம் டீ ஊத்துததுக்குள்ள இந்த ஊர்க்காரனுவளுக்குப் பொறுமை இல்ல. சீக்கிரம் சீக்கிரம்னு வெரட்டுதாவ. ஆறு வருஷத்துல நானும் பழகிட்டேன். மனுஷனை இப்படி ஆக்கிப் போட்டுது."

ஆறு வருஷத்தில் அவர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வந்த முதல் வாரத்திலேயே அவராகக் கண்டுபிடித்துவிட்டாரே.

 ஆவுடையப்பனின் கிண்ணம் காலியானதும் குருவே கெண்டியை எடுத்து ஊற்றினார். ஆவுடையப்பன் பதறிப்போய் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

கூடையைக் கொண்டுவந்த பரிமாறும் பெண் அப்படியே நின்றுவிட்டாள். குருவிடம் சீனத்தில் ஏதோ கேட்டாள். ஆவுடையப்பனுக்குத் தெரிந்த சீனம் உதிரிபாகங்களின் பெயரோடும் விலையோடும் முடிந்துவிடும்.

"என்னவாம், டீச்சர்?"

"நமக்குள்ள ஏதும் சண்டையான்னு கேக்கா."

"எதுக்கு?"

"நான் ஊத்துனேன், நீங்க தட்டலியாம்."

"நல்லாருக்கே! குருவைப் போய் யாராவது வெரட்டுவாவளா?"

"வெரட்டுதது இல்ல அண்ணாச்சி, அது நன்றி" என்றார் குரு. "எந்திரிச்சுக் குனிஞ்சு சொல்ல இங்க எடமும் இல்ல, நேரமும் இல்ல. அதான் ரெண்டு விரலு மட்டும் குனியுது."

ஆவுடையப்பன் தன் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

"இப்ப என்ன சொல்லிட்டுப் போறா?"

"உங்க மேசைக்கு ஊத்த இவளுவளுக்குள்ள போட்டியாம். கெண்டியச் சாய்க்க முன்னாலயே நன்றி சொல்லுத மனுஷன் இந்தக் கடையில நீங்க ஒருத்தர்தானாம். அதுவும் நாலு தட்டு."

ஆவுடையப்பனால் சாப்பிட முடியவில்லை. மின்னணுச் சந்தையில் கெப்பாசிட்டர் விற்கும் லியாங் அம்மாள் நினைவுக்கு வந்தார். போகும்போதெல்லாம் அந்த அம்மாள் சின்னக் கிண்ணத்தில் டீ ஊற்றுவார். டீ கிடக்கட்டும், விலையைச் சொல்லு என்று இவர் தட்டுவார். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஊற்றுவார். ஒரு தடவை கேட்ட சாமான் தன்னிடம் இல்லையென்று, கடையைப் பூட்டிவிட்டு இவரோடு மூன்று மாடி ஏறி வந்து வேறொரு கடையில் தேடிக் கொடுத்தார். எதற்காக அப்படிச் செய்தார் என்று இவருக்கு அன்றைக்குப் புரியவில்லை.

கோவில்பட்டியில் அவருக்கு முன்கோபி என்று பெயர். அங்கே யாரும் அவருக்காகப் போட்டி போட்டதில்லை.

"இதுக்குத்தான் திரும்பித் திரும்பி வந்தேனா?" என்றார். கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

குரு கஞ்சியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆனா டீச்சர், மனசுல நான் நன்றின்னு நெனைக்கவே இல்லியே. இது ஏமாத்தி வாங்குன மரியாதையில்லா?"

"அவிய ஊத்துனது நெசமான டீதான, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். ஆறு வருஷமாகக் குடிக்கிற டீதான். இன்றைக்குத்தான் அதில் ஏதோ பூவின் வாசம் இருப்பது தெரிந்தது.

மணி பதினொன்றே காலாகியிருந்தது. போனை எடுத்து, இருக்கிறேன் என்று கம்பெனிக்கு எழுதினார். கொஞ்சம் யோசித்து, இத்தனை நாள் வைத்துக்கொண்டதற்கு நன்றி என்றும் சேர்த்து அனுப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சந்தோஷம் என்று அங்கிருந்து பதில் வந்துவிட்டது. இந்த வேகத்தையும் அவர் திட்டவில்லை.

குரு மறுபடி டீ ஊற்றினார். ஆவுடையப்பன் இரண்டு விரலை மடக்கினார். ஊற்றி முடிக்கும்வரை காத்திருந்து, மெதுவாக, இரண்டே தட்டு தட்டினார்.

பிறகு முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் என்ன, அண்ணாச்சி?"

"நம்ம வீட்லயும் தட்டுவேன், டீச்சர். கல்யாணமான நாள்ல இருந்து. அவ அடுப்படியில இருந்து காப்பி கொண்டு வாறதுக்குள்ள மேசையில தட்டிக்கிட்டே இருப்பேன். அங்க அது வெரட்டுததுதான். அவளுக்கும் அது தெரியும்."

குரு கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இங்க வந்து எங்கூட ரெண்டு மாசம் இருக்கேன்னு மூணு தடவை கேட்டா. இந்த நரகத்துக்கு எதுக்கு வாறன்னு சொல்லிட்டேன். வான்னு சொல்லணும். அதுக்கு முன்னால இந்த நன்றியச் சொல்லணும். இப்ப போன் போட்டா எதுல தட்ட, டீச்சர்?"

"அங்க விரலு போதாது, அண்ணாச்சி. வாயத் தெறந்துதான் சொல்லணும்."