சின்னவீரனின் முன்சுவை

வெகுகாலத்துக்கு முன்னே மருதங்காட்டு நாட்டை வல்லபராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான் என்றுதான் இந்தக் கதை தொடங்கும். தொடக்கத்தில் எனக்குத் தகராறு இல்லை. இதை எனக்குச் சொன்னவர் கொம்பையா அண்ணாச்சி. வேட்டைநாய் வளர்ப்பவர், கதையில் வரும் நாய்க்காரன் தன் வம்சத்து மூப்பன் என்று சொல்லிக்கொள்பவர். அவர் சிரித்துக்கொண்டே முடிக்கும் இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுதாக நம்பியதில்லை.

வல்லபராயனுக்குப் பிள்ளை இல்லை. சின்னவீரன் என்று ஒரு வேட்டைநாய் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, "இவன் என் மகன்" என்பான். நாய் யாரைப் பார்த்து வாலாட்டுகிறதோ அவருக்குத் தன் கையால் வெற்றிலை கொடுப்பான். வேட்டை முடிந்து வரும்போதெல்லாம் அந்த வெற்றிலை நாய்க்காரன் மாசாணனுக்கே கிடைத்தது.

மடைப்பள்ளி அதிகாரி அமுதராயனுக்கு இது பொறுக்கவில்லை. காலையில் பத்து லட்டு, மத்தியானம் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், மாலையில் ஆறு அதிரசம் என்று நாய்க்கு ஊட்டத் தொடங்கினான். மூன்றே மாதத்தில் வெற்றிலை அவன் கைக்குப் போயிற்று. முயலை மறித்த நாய் மண்டபப் படி ஏற மூச்சு வாங்கியது.

"என்னடா நாய்க்காரா, உன் கூழுக்கு வாலே அசையவில்லையாமே?" என்பான் அமுதராயன்.

மாசாணன் பதில் சொல்வதில்லை. அரசன் கையால் கொடுப்பதையோ கொடுக்கவிடுவதையோ மறுத்துப் பேசியவன் நாக்கு அந்த நாட்டில் வாய்க்குள் தங்காது. அவனுக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

ஒருநாள் சபையில் அமுதராயன் எழுந்தான். "அரசே, இன்னும் நான்கு நாளில் தங்கள் பிறந்தநாள். அன்று இளவரசருக்கு ஒரு குடம் திராட்சைப் பாயசம்!"

அவன் தட்டில் காட்டிய உலர்ந்த திராட்சையைப் பார்த்ததும் மாசாணன் முன்னால் வந்தான்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். இவன் தங்கள் மகன் என்பது பேச்சுக்கா, மெய்யாகவா?"

அரசன் நாயை மடியோடு இழுத்துக்கொண்டான்.

"மெய்யாகத்தான்! அதில் உனக்கென்னடா சந்தேகம்?"

"அப்படியானால் முன்சுவை எங்கே மகாராஜா? அரச குடும்பத்துக்குச் சமைப்பவர் அதே பண்டத்தை முதலில் தாம் தின்று காட்ட வேண்டும் என்பதுதானே தங்கள் பாட்டனார் வைத்த முறை? இளவரசருக்கு மட்டும் அந்த முறை கிடையாதா?"

அரசன் அமுதராயனை முறைத்தான். அமுதராயன் சிரித்தான். "ஒரு லட்டு தின்ன எனக்குக் கசக்குமா?"

"ஒன்று இல்லை ஐயா. உடம்பின் கனத்துக்கு ஏற்ப அல்லவா சோதனை? தராசில் நிறுத்தால் நீங்கள் மூன்று சின்னவீரன் கனம் இருப்பீர்கள். அவனுக்குப் பத்து என்றால் உங்களுக்கு முப்பது."

"பேஷ்!" என்று தொடையைத் தட்டினான் அரசன். வேடிக்கை என்றால் அவனுக்கு உயிர்.

முதல் நாள் அமுதராயன் ஏப்பம் விட்டான். இரண்டாம் நாள் தூணைப் பிடித்து நின்றான். மூன்றாம் நாள் பதினெட்டு அதிரசத்தில் ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு அரசன் காலில் விழுந்தான்.

"அரசே, காப்பாற்றுங்கள்! இன்னும் ஒருநாள் தின்றால் செத்துப்போவேன்!"

"மகாராஜா," என்றான் மாசாணன், "மூன்று நாளிலேயே இவர் சாவைப் பற்றிப் பேசுகிறார். இவன் மூன்று மாதமாகத் தின்கிறான். இவனுக்குச் சொல்ல வாய் இல்லை, வால்தான் இருக்கிறது. கொடுத்தால் ஆட்டுவான். விஷம் கொடுத்தாலும் ஆட்டுவான்."

அரசன் நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்தான்.

"பிறகு என்னதான் கொடுப்பது?"

"கேழ்வரகுக் களி, உப்பில்லாமல் வேகவைத்த கறி, கொஞ்சம் சுரைக்காய். ஆசைக்கு ஒரு துண்டு ஈரல், அதுவும் ஓடிவிட்டு வந்த பிறகு. திராட்சை மட்டும் இவன் வாயருகே போகக்கூடாது."

"தின்றால் என்ன ஆகும்?"

"முதலில் வாந்தி. மறுநாள் சிறுநீர் நின்றுபோகும். தண்ணீர்ச் சட்டியருகே போய்க் குடிக்காமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். மூன்றாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலின் நுனி மட்டும் அசையும்." மாசாணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று அரசன் கேட்கவில்லை.

"இனி என் மகனுக்கு நீதான் களி கிண்ட வேண்டும். முன்சுவையும் நீதான் பார்க்க வேண்டும், மூன்று பங்கு!" என்று அமுதராயனுக்கு உத்தரவாயிற்று. சபை விழுந்து விழுந்து சிரித்தது. மாசாணனை அருகே அழைத்து அரசன் வெற்றிலை கொடுத்தான். மாசாணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாயில் போடவில்லை. நாய் அவனைப் பார்த்து வாலாட்டியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கொம்பையா அண்ணாச்சி இந்த இடத்தில்தான் சிரிப்பார். "எங்க மூப்பன் மூளையைப் பாத்தியா!" என்பார். நானும் கூடச் சிரித்துவிட்டு வீடு திரும்புவேன். வழியெல்லாம் அந்த வெற்றிலை உறுத்தும். கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசை ஒருவன் ஏன் வாயில் போடவில்லை? நானும் பேச வேண்டிய இடங்களில் பேசாமல் இருந்தவன்தான். அதனாலோ என்னவோ, கேட்பதற்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

போன மாதம் அவர் நாய்களுக்குக் களி உருட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அண்ணாச்சி, அது சின்னவீரன் என்றால் அதற்கு முன்னால் ஒரு பெரியவீரன் இருந்திருக்குமே. அது அரசன் கையால் திராட்சை தின்றபோது உங்கள் மூப்பன் எங்கே நின்றுகொண்டிருந்தார்?"