கழுதை யார் மேசைக்கு

“முதலில என் பேரைக் கூட்டத்தில படிச்சாங்க. அடுத்தது, கழுதை பொம்மையை என் மேசையில வச்சாங்க. அதுக்கப்புறம் நான் புரோகிராம்ல சேர்த்த லைப்ரரியை என்கிட்ட கேக்காமலே தூக்கினாங்க. தூக்கினதும் உடைஞ்சிருந்த பில்ட் ஓடிருச்சு, அதனால தப்பு என்னுதுதான்னு முடிவு பண்ணினாங்க. கடைசியா, இன்னிக்குச் சாயங்காலத்தோட என் ஒப்பந்தம் போதும்கிறாங்க. இந்த வரிசையிலதான் நடந்தது, சார். ஒண்ணையும் மாத்திச் சொல்லலை.”

ஜெசிந்தா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள்.

குலசேகரன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். அவளைவிட வயதில் சிறியவர். ஆனால் அந்த மென்பொருள் அலுவலகத்தில், ஜாவா நிரல்களைத் தொகுத்து ஓடவைக்கும் பில்ட் உடைந்தால் எல்லோரும் வந்து நிற்பது அவர் முன்னால்தான். வாத்தியார் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பில்ட் உடைந்தால், கடைசியாகக் கை வைத்தவரின் பெயரை அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படிப்பார்கள். கூட்டம் முழுக்க நின்றுகொண்டே கேட்கும். கழுதை பொம்மை அவர் மேசைக்குப் போகும். விசாரணை கிடையாது.

தொழிற்சங்கம் இல்லாத இடத்தில் நீதிமன்றம் இப்படித்தான் அமைகிறது. நிரந்தர ஊழியர் மேசையில் அந்தக் கழுதை வேடிக்கை. ஒப்பந்த ஊழியர் மேசையில் அது தீர்ப்பு.

“என்ன சேர்த்தீங்க, அக்கா?”

“ரசீதை பிடிஎஃப் ஆக்க, வேற யாரோ எழுதி வச்ச ரெடிமேட் லைப்ரரி. அது தன்னோட ஒரு எழுத்துரு லைப்ரரியையும் கூட்டிட்டு வருது. கம்பைல் ஆகுது. டெஸ்ட் ஓடும்போது, எழுத்துரு லைப்ரரியில அது கூப்பிடுற மெத்தட் இல்லைன்னு விழுது.”

“இருக்கா, இல்லையா?”

“எழுத்துரு லைப்ரரியோட மூணாம் பதிப்பில இருக்கு. நான் கேட்டதும் மூணாம் பதிப்புதான்.”

“இறக்கி வச்சதை அழிச்சுப் பார்த்தீங்களா?”

“அழிச்சேன், மறுபடி இறக்கினேன். மறுபடி அழிச்சேன். இன்டர்நெட்டே தேஞ்சு போச்சு.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“நீங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், சார். இங்க எனக்காகப் பேசக்கூடியவர் நீங்க ஒருத்தர்தான்.”

“சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“நான் சொன்னா உங்களை மன்னிச்சுடுவாங்க. உங்களுக்கு மன்னிப்பா வேணும்?”

அவள் யோசித்தாள்.

“வேண்டாம்.”

“அப்ப வாங்க, டீ குடிக்கலாம்.”

கேன்டீனில் கூட்டம். ஜெசிந்தா பின்னாலிருந்தே குரல் கொடுத்தாள்.

“அண்ணே, இஞ்சி டீ!”

குலசேகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்லர் பக்கத்தில் போய் நின்றார்.

“எங்க ரெண்டு பேருக்கும் சாதா டீ.”

இரண்டு சாதா டீ வந்தது.

“நான் இஞ்சி டீ கேட்டேனே, அண்ணே.”

“கேட்டிருப்பம்மா. கிட்ட நிக்கிறவர் சொல்றதுதானே என் காதில விழும்?” என்றார் டீ மாஸ்டர்.

“நான்தான் முதல்ல கேட்டேன்.”

“முதல்ல கேட்டா என்ன? எங்கே நின்னு கேட்டே?”

குலசேகரன் டீயை ஊதிக் குடித்தார்.

ஜெசிந்தாவின் கை டம்ளரோடு நின்றுபோனது.

“சார். ஒரே லைப்ரரிக்கு ரெண்டு பதிப்பு கேட்டா, பில்ட் எதை எடுக்கும்? புதுசைத்தானே?”

“டீ ஆறுது, அக்கா.”

அவள் டீயை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

தன் மேசையிலிருந்த கழுதையை ஓரமாக நகர்த்தினாள். தான் சேர்த்த லைப்ரரியைத் தன் கணினியில் திரும்பவும் சேர்த்தாள். எது எதைக் கூட்டி வருகிறது என்று பில்டையே கேட்டாள். மரம் போல வரிகள் இறங்கின.

அவளுடைய மூன்றாம் பதிப்பு ஆழத்தில் கிடந்தது. பக்கத்தில், முரண்பட்டதால் விடப்பட்டது என்ற குறிப்பு. மேலே, பிராஜெக்டின் சொந்த வரிகளுக்கு நடுவில், அதே எழுத்துரு லைப்ரரியின் முதல் பதிப்பு உட்கார்ந்திருந்தது. பில்ட் புதியதை எடுக்கவில்லை. மேலே, கிட்டத்தில் இருந்ததை எடுத்திருந்தது.

யாரோ எப்போதோ எழுதிய வரி. இன்றைக்கு அதைப் பயன்படுத்துபவர் எவரும் இல்லை. அதைக் கேள்வி கேட்டவரும் இல்லை.

அவள் அந்த ஒரு வரியை எடுத்தாள். பில்டை ஓட்டினாள்.

பச்சை.

அந்த வரியை எழுதியது யார் என்று மாற்றங்களின் பதிவில் பார்த்தாள். அந்தப் பெயரை மறுபடியும் படித்தாள். பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குலசேகரனிடம் வந்தாள். குனிந்து, தாழ்ந்த குரலில் பேசினாள்.

“பில்ட் ஓடிருச்சு, சார். கூட்டத்தில அதை மட்டும் சொல்றேன். பேர் எதுக்கு?”

அவர் திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“உங்க பேரை எங்கே வச்சுப் படிச்சாங்க?”

“கூட்டத்தில.”

“எல்லாரும் கேக்கவா?”

“எல்லாரும் கேக்க.”

“என் காதில மட்டும் ஏன் சொல்றீங்க?”

அவள் நிமிர்ந்தாள்.

மாலைக் கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். மேனேஜர் சுதர்சன் கையில் அவளுடைய ஒப்பந்தக் காகிதம் இருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன் ஜெசிந்தா மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்தாள். தன் லைப்ரரியோடு பில்டை ஓட்டினாள். பச்சை வந்தது. நீக்கிய வரியைக் காட்டினாள்.

“இதாலதான் உடைஞ்சுது,” என்றாள்.

“யார் எழுதினது?” என்றார் சுதர்சன்.

வட்டத்துக்கு வெளியே, குலசேகரன் தன் மேசையில் விசைப்பலகையைத் தள்ளி வைத்து, ஒரு பொம்மைக்கு இடம் செய்துகொண்டிருந்தார்.

ஜெசிந்தா திரையைப் பார்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தாள்.

“குலசேகரன்.”