வையாபுரி கேட்ட மூன்று கேள்விகள்

செம்பாறைக் கோட்டையை ஏகாம்பர பூபதி ஆண்டுகொண்டிருந்த காலத்தில் தூதுவர் பதவி காலியானது. மேற்கே இருக்கும் வெள்ளியங்கோட்டு ராஜ்ஜியத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வரும் வேலை. ஆள் எடுக்கும் பொறுப்பு பிரதானி திருவேங்கடராயருடையது. அவர் மனசுக்குள் தன் மைத்துனனை அந்த ஆசனத்தில் உட்கார வைத்து நாலு நாளாகிவிட்டது. ஆனாலும் ஒப்புக்கு நாலு பேரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டுமல்லவா?

நாலாவதாக வந்தவன் வையாபுரி. குதிரைச் சந்தையில் வடக்கத்தி வியாபாரிகளுக்கு மொழிபெயர்த்துப் பிழைத்தவன். குதிரையின் பல்லைப் பார்ப்பதைவிட விற்பவன் முகத்தைப் பார்த்தால் அதன் வயசு சரியாகத் தெரியும் என்பது அவன் அனுபவம். இந்த வேலைக்காக இரண்டு நாள் நடந்து வந்திருந்தான்.

அரசரும் அன்றைக்குச் சபையில் இருந்தார். வெற்றிலை மென்றபடி சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரதானி ஒரு நாழிகை குடைந்தெடுத்தார். பாட்டன் பெயர் கேட்டார், பாட்டனுக்குப் பாட்டன் பெயர் கேட்டார். "இன்னும் பத்து வருஷத்தில் எங்கே இருப்பாய்?" என்றுகூடக் கேட்டார்.

"உயிரோடு இருக்கப் பார்க்கிறேன், ஐயா," என்றான் வையாபுரி.

கடைசியில், "நீ ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். இதற்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒன்றுமில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். வையாபுரி கேட்டான்.

"முன்பு இருந்த தூதுவர் சடையப்பர் இப்போது எங்கே, ஐயா?"

"நல்ல கேள்வி." பிரதானியின் கண் மேற்கு ஜன்னல் வரை போய் வந்தது. "வயசாகிவிட்டது. காசிக்குப் போய்விட்டார்."

"போன இடத்தில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டால் யார் மீட்பார்கள்?"

பிரதானிக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, "இங்கே நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி," என்றார்.

"அங்கிருந்து நான் எழுதும் ஓலை நேரே மகாராஜா கைக்கு வருமா?"

பிரதானி சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த ஓலைப் பெட்டியை மேல்துண்டால் மூடினார். "அதெல்லாம் சேர்ந்த பிறகு பேசலாம்." அரசர் பக்கம் திரும்பினார். "அதிகப்பிரசங்கி, மகாராஜா. இவன் தேறமாட்டான்."

"இரும்," என்றார் அரசர். "வையாபுரி, எதிராளி சொல்லாததையும் தெரிந்துகொண்டு வருகிறவன்தான் தூதுவன். இங்கே நீ என்ன தெரிந்துகொண்டாய்?"

வையாபுரி கணக்குப் போட்டுப் பார்த்தான். சொன்னால் வேலை போகும். பிரதானி நினைத்தால் தலையும் போகும். ஆனால் எங்கோ ஒரு மனுஷர் ஓலை எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று அவனுக்குப் பட்டுவிட்டது. சொன்னான்.

"பதில் இருப்பவர் பதிலைச் சொல்வார், மகாராஜா. இல்லாதவர்தான் கேள்வியைப் பாராட்டுவார். ஐயாவின் வாய் காசி என்றது, கண் மேற்கே போனது. காசி வடக்கே இருக்கிறது. மேற்கே இருப்பது வெள்ளியங்கோடு. மீட்பது யார் என்றதும் இருமினார். அங்கே ஏற்கெனவே ஒருவர் மாட்டியிருக்கிறார் போலிருக்கிறது. குடும்பம் என்றார், அந்தக் குடும்பத்தில் யார் வந்து மீட்பார் என்று சொல்லவில்லை. மூன்றாவதை நான் சொல்ல வேண்டாம். அந்தப் பெட்டிக்குக் குளிரெடுத்திருக்காது."

அரசர் மெல்லுவதை நிறுத்தினார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

உள்ளே அவர் பெயருக்கு எழுதிய ஓலைகள் ஐந்து. எல்லாம் சடையப்பர் கையெழுத்து. ஆறு மாசமாக வெள்ளியங்கோட்டுச் சிறையில் கிடப்பதாக எழுதி, மகாராஜா மறந்துவிட்டாரா என்று கேட்டிருந்தார். அரசர் ஐந்தையும் படித்து முடித்தார்.

முதலில் இந்த ஆளை வெளியே தள்ளினால் போதும் என்று பிரதானிக்குத் தோன்றியது. "சரி சரி, விசாரணை முடிந்தது. நீ போகலாம். சொல்லி அனுப்புகிறோம்."

வையாபுரி நகரவில்லை. கைகட்டி நின்றான்.

"இன்னும் என்ன நிற்கிறாய்?"

"தூதுவனைச் சொல்லி அனுப்புவதுதானே முறை, ஐயா. அனுப்புகிறோம் என்றீர்கள். ஆனால் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே. எந்த ஊருக்குப் போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும்?"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். முத்திரை மோதிரத்தைக் கழற்றி வையாபுரியின் கையில் வைத்தார்.

"நான் சொல்கிறேன். வெள்ளியங்கோட்டுக்குப் போ. சடையப்பரை விடச் சொல். பதிலுக்கு ஆள் கேட்டால், எங்களிடம் நல்ல அனுபவசாலி ஒருவர் இருக்கிறார், உடனே வந்து சேரத் தயார் என்று சொல்," என்றபடி பிரதானியைத் திரும்பிப் பார்த்தார்.