காட்டுக்கெல்லாம் ஒரே செல்லம்

ஒரு காட்டில், மூங்கில் சருகு மெத்தை போலக் கிடக்கும் ஒரு பள்ளத்தில், சருகுமான் ஒன்று தன் குட்டியோடு இருந்தது. சருகுமான் பார்த்திருக்கிறீர்களா? முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சருகு நிறம். அசையாமல் நின்றால் பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

அந்தத் தாய்மானின் பேர் பேச்சி. பேர்தான் பேச்சி. எதிரே யாராவது வந்துவிட்டால் பேச்சே வராது. தலையைக் குனிந்துகொண்டு காலால் மண்ணைக் கீறும். குட்டியின் பேர் ராக்கு.

அதே காட்டில் ஒரு நரியும் இருந்தது. பேச்சியைத் துரத்திப் பார்த்து மூச்சு வாங்கியதுதான் அதற்கு மிச்சம். ஆனால் குட்டி என்றால் ஒரே வாய். ராக்கு எங்கே படுத்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. கண்ணால் தேடிக் கிடைக்காததை வாயால் தேட நினைத்தது நரி.

ஒருநாள் காலையில் பேச்சியைப் பார்த்து இளித்தது.

"என்ன செல்லம், இப்படி இளைச்சுப் போயிட்டே? ஒழுங்கா மேயறதில்லையா?"

பேச்சிக்கு உடம்பெல்லாம் கூசியது. முன்னேபின்னே பேசியதில்லை, அதற்குள் செல்லமா? "அப்படிக் கூப்பிடாதீங்க" என்று சொல்ல நினைத்தது. தொண்டைவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

"பாப்பா எங்கே செல்லம்? கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறியே?"

"தூங்குது அண்ணே."

"எங்கே தூங்குது?"

"வீட்டுல."

"வீடு எங்கே இருக்கு?"

"இங்கதான்" என்று பேச்சி நாலு பக்கமும் தலையை ஆட்டியது. நாலு பக்கமும் சருகுதான் கிடந்தது. நரி பல்லைக் கடித்துக்கொண்டு, "வரட்டுமா செல்லம்?" என்று நடந்தது.

மரத்தின் மேலிருந்த மைனா சும்மா இருக்குமா? அதற்கு ஊர்க்கதை பேசாவிட்டால் தீனி செரிக்காது.

"ஏன்டி, அவ்வளவு பாசமா கூப்பிடறார், ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசினா உன் வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா? திமிர் பிடிச்சவன்னு நினைச்சுக்கப் போறார்."

பேச்சி மண்ணைக் கீறியது. ஒருவேளை நம்மிடம்தான் தப்போ என்றுகூட நினைத்தது.

மறுநாள் பேச்சி சற்றுத் தள்ளி உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது. அப்போது பள்ளத்தின் ஓரத்தில் மெதுவான குரல் ஒன்று கேட்டது.

"செல்லம்... செல்லக்குட்டி... இங்க வா."

சருகு அசைந்தது. ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது. ராக்குவின் மூக்கு!

பேச்சிக்குப் பகீரென்றது. முன்காலால் தரையைத் தட்டியது. தட், தட், தட்! ஆபத்து என்றால் சருகுமான்கள் அப்படித்தான் தட்டும். மூக்கு உள்ளே போய்விட்டது. நரி பாய்ந்து விழுந்தது. வாய் நிறையச் சருகுதான்; குட்டி எந்தச் சருகுக்கு அடியில் போனது என்றே தெரியவில்லை.

"விளையாட்டுக்குக் கூப்பிட்டேன் செல்லம்" என்று சருகைத் துப்பிக்கொண்டே நரி எழுந்து போனது.

பேச்சி குட்டியிடம் ஓடியது. "ஏன்டி வெளியே தலையை நீட்டினே?"

"நீதானேம்மா என்னைச் செல்லம்னு கூப்பிடுவே? அவரும் அப்படியே கூப்பிட்டாரு. நம்ம சொந்தக்காரர்னு நினைச்சேன்."

பேச்சிக்கு அழுகை வந்தது. பிள்ளையைக் கொஞ்ச வைத்திருந்த சொல்லை எவனோ எடுத்துத் தூண்டிலில் மாட்டிவிட்டானே! இன்றைக்குத் தரையைத் தட்ட நான் இருந்தேன். நாளைக்கு இல்லாவிட்டால்?

மைனா மேலிருந்து இறங்கி வந்தது. "அட, அவர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். கரடியைச் செல்லம்னு சொல்லித்தான் தேனடை வாங்கித் தின்னார். காட்டுப்பன்றியைச் செல்லம்னு சொல்லிக் கிழங்கு தோண்ட வெச்சார். மழை நாளில முள்ளம்பன்றியோட வளைக்குள்ள படுத்துக்கறதும் அப்படித்தான். ஒவ்வொருத்தர்கிட்டயும் 'உன்னை மட்டும்தான் இப்படிக் கூப்பிடறேன், வெளியே சொல்லிடாதே'ன்னு ரகசியமா சொல்வார். அவ்வளவு பாசம்!"

"மட்டும்தான்னா?" என்றது பேச்சி.

"மட்டும்தான்னு" என்றது மைனா.

பேச்சி கொஞ்ச நேரம் மண்ணைக் கீறியது. பிறகு கீறுவதை நிறுத்தியது.

அடுத்த நாள் நரி வந்ததும், பேச்சி தலையைக் குனிந்தபடியே பேசியது.

"அண்ணே, பாப்பாவுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா அதுவும் என்னை மாதிரிதான், வெட்கம். மெதுவா கூப்பிட்டா வராது. சாயங்காலம் நான் மேயப் போயிருப்பேன். தண்ணித்துறைப் பாறைமேல ஏறி நின்னு, காடே கேட்கிற மாதிரி 'செல்லம்'னு கூப்பிடுங்க. ஓடி வந்திடும்."

நரிக்கு வாயில் எச்சில் ஊறியது. 'கொஞ்சினால் கரையாத ஆளும் உண்டா?' என்று தன்னையே மெச்சிக்கொண்டது.

சாயங்காலம் பாறைமேல் ஏறியது. மூச்சை நன்றாக இழுத்தது.

"செல்ல்ல்லம்! என் செல்லமே! ஓடி வா!"

புதர் அசைந்தது. நரி நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கியது. புதரை விலக்கிக்கொண்டு வந்தது கரடி.

"ஏன்டா இப்படிக் கத்தறே? தேன் தீர்ந்து போச்சா?"

"நீ... நீ எங்கே இங்கே?"

"நீதானே கூப்பிட்டே!"

அதற்குள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு காட்டுப்பன்றி வந்தது. "நில்லு, நில்லு. அவ ஏன் வர்றா? செல்லம் நானில்ல?"

பின்னாலேயே முள்ளம்பன்றி வந்தது. முள்ளெல்லாம் சலசலவென்று ஆட, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. "என்னங்க நீங்க, நாலு பேர் முன்னாடி அப்படிக் கூப்பிடலாமா? எனக்குக் கூச்சமா இருக்குல்ல?"

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"என்னை மட்டும்தான்னு சொல்லித்தானே தேனடையை முழுசா வழிச்சுத் தின்னே?" என்றது கரடி.

"என்னை மட்டும்தான்னு சொன்னதுக்குத்தானே, மூக்கு தேயத் தேயக் கிழங்கு தோண்டிப் போட்டேன்?" என்றது பன்றி.

"என்னை மட்டும்தான்னு சொல்லிட்டு, என் வளையில நீ படுத்துக்கிட்டு என்னை மழையில உட்கார வெச்சியே!" என்றது முள்ளம்பன்றி.

நரி இளித்தது. "எல்லாருமே என் செல்லம்தான். பாசத்தை அளந்து அளந்தா கொடுக்க முடியும்?"

அப்போது பாறைக்குக் கீழே கிடந்த சருகிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

"அண்ணே, அவங்கவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. சண்டை தீர்ந்திடும்."

"அது சரியான பேச்சு" என்று கரடி ஒரு எட்டு முன்னால் வந்தது. "என் பேர் என்னடா? சொல்லு."

நரி விழித்தது. "அது... வந்து... செல்லம்..."

"என் பேரு?" என்றது பன்றி.

"செ... செல்லம்..."

முள்ளம்பன்றி எதுவும் கேட்கவில்லை. மெதுவாகத் திரும்பி நின்றது. பிறகு பின்பக்கமாகவே ஓடி வந்து ஒரே முட்டு!

நரி போட்ட ஊளை மலைக்கு அந்தப்பக்கம் கேட்டது. பின்புறம் முழுக்க முள்ளோடு அது ஓடியதைப் பார்த்து மைனா கிளையிலிருந்து விழப் பார்த்தது.

"நான் வீராயி" என்றது கரடி.

"மாயாண்டி" என்றது பன்றி.

"ஒச்சம்மா" என்றது முள்ளம்பன்றி. "சருகுக்குள்ள இருக்கிறது யாரும்மா?"

"பேச்சி" என்றது குரல்.

"இவளுக்குப் பேர் இருக்கிறதே இப்பத்தான் தெரியுது! எதிர்வீட்டுல இருந்துக்கிட்டுக் கேட்காமப் போயிட்டேனே!" என்று மைனா தலையில் அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நரியைக் கண்டால் எல்லாரும் ஒரே குரலில், "வா செல்லம், உட்காரு செல்லம்" என்பார்கள். அதற்கோ உட்காரத்தான் முடியவில்லை.

அன்று இருட்டுவதற்கு முன் பேச்சி பள்ளத்துக்கு வந்து, "ராக்கு!" என்று கூப்பிட்டது. சருகைத் தள்ளிக்கொண்டு குட்டி ஓடி வந்தது.

செல்லம் என்ற பேர்தான் காடெல்லாம் அடிபட்டுவிட்டதே! அதனால் பேச்சி குட்டியின் காதில் புதிதாக ஒரு பேரைச் சொல்லிக் கொஞ்சியது. குட்டி சிரித்தது.

என்ன பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். அது அவர்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்தான்.

நீதி: உன் பேரே தெரியாதவர் உன்னைக் கொஞ்சிக் கூப்பிட்டால் ஓடிப் போகாதே; நின்று யோசி.